கட்டணத் தாளைப் பார்த்து மலைக்காதீர்கள்!

கல்வி உதவி நிதி யாருக்கு, எவ்வளவு, எப்படி? தகுதி இருந்தும் கேட்கத் தயங்கும் குடும்பங்களுக்காக

ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள். அதன்பின் சில வாரங்களில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள். ஆண்டின் முதல் சில மாதங்கள் நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. 'இடம் கிடைச்சிருச்சா?' என்று பெரியப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு ஆண்ட்டி வரை எல்லாரும் கேட்பார்கள். கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் அம்மா சாமி விளக்கை ஏற்றுவார். அப்பா வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார்.

அடுத்து ஒரு தாள் வரும். கட்டணத் தாள்.

பல வீடுகளில் கொண்டாட்டம் அந்தத் தாளோடு அடங்கிவிடுகிறது. பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்கும். அப்பா அம்மாவைப் பார்ப்பார். "பார்த்துக்கலாம்" என்ற ஒரு சொல் வரும். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது யாருக்கும் தெரியாது.

வானொலியில் கல்வி பற்றி எப்போது பேசினாலும் அடுத்த சில நிமிடங்களில் குரல் பதிவுகள் குவியும். அவற்றில் பாதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்: "எங்களுக்கெல்லாம் அது கிடைக்குமா?" கேட்பவர்களில் பலருக்கு அது கிடைக்கக்கூடியதுதான். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை. சிலருக்குத் தெரிந்தும் கேட்க மனம் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உபகாரச் சம்பளம் வேறு, உதவி நிதி வேறு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வீடுகளில் 'ஸ்காலர்ஷிப்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். "என் பிள்ளை அவ்வளவு மார்க் எடுக்கலையே, அதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தானே" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

உபகாரச் சம்பளம் என்பது தேர்ச்சிக்கும் திறமைக்கும் கிடைப்பது. நேர்முகத் தேர்வு இருக்கும். சிலவற்றுக்குப் பணி ஒப்பந்தமும் இருக்கும். 'பர்சரி' எனப்படும் கல்வி உதவி நிதி குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்பதே அதற்குப் போதுமான சான்று. மேலும் ஏழு பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது வகை கடன். அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உதவி நிதியைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

உங்களுக்கே தெரியாமல் கழிக்கப்பட்ட தொகை

கட்டணத் தாளில் இருக்கும் தொகை உண்மையான முழுக் கட்டணம் அல்ல. 1980ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கும் கல்விக் கட்டண மானியத் திட்டத்தின்கீழ், அரசாங்கம் ஒரு பெரும்பகுதியைக் கல்விக்கழகத்துக்கு நேரடியாகச் செலுத்திவிடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள். நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் இந்த மானியத்தைப் பெற்றால், படிப்பு முடிந்தபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பெரும்பாலான படிப்புகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மருத்துவம், பல் மருத்துவம் போன்றவை விதிவிலக்கு.

மானியம் போகக் குடிமக்கள் செலுத்தும் கட்டணம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி. பல்கலைக்கழகத்தின் பொதுவான பட்டப் படிப்புகளில் சுமார் 8,000 வெள்ளி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இன்னும் மிகக் குறைவு.

குறைத்த பிறகும் 8,000 வெள்ளி என்பது சின்னத் தொகையா? நான்கு ஆண்டுக்கு 32,000 வெள்ளி. மாதம் 3,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் ஓர் அப்பாவுக்கு அது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். உதவி நிதி இந்த இடத்தில்தான் வருகிறது.

2,000 வெள்ளி, 150 வெள்ளி

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்த சில எண்கள் நம் குடும்பங்களில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவை 2020 கல்வியாண்டில் நடப்புக்கு வந்தன.

பொதுவான பட்டப் படிப்பில் மிகக் குறைந்த வருமானப் பிரிவைச் சேர்ந்த மாணவருக்கு அதுவரை கட்டணத்தில் பாதியை உதவி நிதி ஈடுகட்டியது. அது 75 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, ஆண்டுக்குச் சுமார் 4,000 வெள்ளி கட்ட வேண்டியவர் சுமார் 2,000 வெள்ளி கட்டினால் போதும் என்றானது.

பலதுறைத் தொழிற்கல்லூரி முழுநேரப் பட்டயப் படிப்பில் 80 விழுக்காடாக இருந்தது 95 விழுக்காடானது. கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 500 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாகக் குறைந்தது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு 450 வெள்ளி! ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை.

மருத்துவப் படிப்பிலும் மாற்றம் வந்தது. மிகக் குறைந்த வருமானப் பிரிவினர் ஆண்டுக்குச் சுமார் 25,000 வெள்ளி கட்டிய நிலை மாறி, 5,000 வெள்ளி கட்டினால் போதும் என்றானது. டாக்டருக்குப் படிக்க வைக்க நமக்கு வசதி இல்லை என்று உயர்நிலை மூன்றிலேயே பிள்ளையின் ஆசையை மடித்து வைத்துவிடும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

இவை மிகக் குறைந்த வருமானப் பிரிவுக்கான எண்கள். வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு திட்டம், அதற்கு மேல் நடுத்தர வருமானம் வரை உள்ளவர்களுக்கு இன்னொரு திட்டம் என இரண்டு படிகள் உள்ளன. முதலாவது உயர்கல்விச் சமூக உதவி நிதி. இரண்டாவது உயர்கல்வி உதவி நிதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வருமான ஏணியின் கீழ்ப்படியிலிருந்து நாட்டின் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் வரை ஏதோ ஒரு படியில் வந்துவிடலாம். 'ஏழைகளுக்குத்தான்' என்று நினைத்து ஒதுங்கும் நாலறை வீட்டுக் குடும்பங்களும் இதில் அடங்கும்.

இதற்கும் மேல் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்தும் சேர்த்துத் தருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் ஈடுகட்டும் ஏற்பாடு இருக்கிறது. சலுகைகளும் வருமான வரம்புகளும் அவ்வப்போது மாறும். மேலே சொன்ன எண்களை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்குரிய வரம்பைக் கல்வி அமைச்சின் இணையப்பக்கத்திலோ கல்விக்கழகத்தின் நிதி உதவிப் பிரிவிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டியையும் எண்ணுங்கள்

"என் சம்பளம் 4,000 தாண்டிடுச்சே, நமக்குக் கிடைக்காது." இது அடிக்கடி கேட்கும் வசனம். சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறோம். உதவி நிதிக்கு முக்கியமாகப் பார்ப்பது குடும்பத்தின் தனிநபர் மாத வருமானம். ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தினரின் மொத்த மாத வருமானத்தைக் கூட்டி, வீட்டில் எத்தனை பேரோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். அப்பா பேருந்து ஓட்டுநர், 3,000 வெள்ளி. அம்மா பகுதிநேரமாகத் துப்புரவு வேலை, 1,200 வெள்ளி. மொத்தம் 4,200. வீட்டில் இரண்டு பிள்ளைகள். அப்பாவின் அம்மாவும் உடன் இருக்கிறார். ஆக ஐந்து பேர். தனிநபர் வருமானம் 840 வெள்ளி.

அதே 4,200 வெள்ளியில் அப்பா, அம்மா, ஒரே பிள்ளை என்று மூன்று பேர் வாழ்ந்தால் தனிநபர் வருமானம் 1,400 வெள்ளி. சம்பளம் ஒன்றுதான், உதவி நிதியின் படி வேறு. எனவே பாட்டியை விட்டுவிடாதீர்கள். இன்னும் பள்ளியில் படிக்கும் தங்கையை விட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளத்தைக் கேட்டதுமே நமக்கு இல்லை என்று படிவத்தை மூடி வைத்துவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கணக்கில் எடுப்பது கைக்கு வரும் சம்பளம் அல்ல. மத்திய சேம நிதிக்குப் பிடிப்பதற்கு முன் உள்ள மொத்தச் சம்பளம். மிகைநேர ஊதியம், படிகள், போனஸ் ஆகியவையும் சேரும். வீட்டில் ஏற்கெனவே வேலைக்குப் போகும் அண்ணன் இருந்தால் அவருடைய வருமானமும் சேரும். அண்ணன் அந்தப் பணத்தை வீட்டுக்குத் தருகிறாரா இல்லையா என்பதைக் கூட்டல் கணக்கு பார்க்காது.

சம்பளச் சீட்டு

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு படிவம் இரண்டு வாரம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடந்தது. அப்பா கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா வீட்டில் இருந்தபடி மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். படிவத்தோடு அப்பாவின் சம்பளச் சீட்டை வைக்க வேண்டும். அப்பா அதைத் தரவில்லை.

"என் சம்பளத்த யார்கிட்டயோ எதுக்குக் காட்டணும்? நான் சம்பாதிச்சுப் படிக்க வைக்க மாட்டேனா?" என்றார்.

அம்மா வாதாடவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு நோட்டை எடுத்து அப்பாவின் முன் வைத்தார். வீட்டுத் தவணை, மின்கட்டணம், பாட்டியின் மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. "இதுல எந்த வரிய அடிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மறுநாள் காலையில் சம்பளச் சீட்டு என் புத்தகப் பையின் மேல் இருந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அந்தத் தொகையில் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பது இன்றுவரை எனக்குப் புரியாத கணக்கு. அவர் ஏன் காட்டத் தயங்கினார் என்பது மட்டும் அந்த நொடியிலேயே புரிந்தது. படிவத்தை யாரோ ஓர் அதிகாரி பார்ப்பது அவருக்குப் பெரிதல்ல. நான் பார்த்துவிடுவேனே என்பதுதான்.

பெற்றோரின் இந்தத் தயக்கத்தை வறட்டுக் கௌரவம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைக்குக் குறை தெரியாமல் வளர்த்தவருக்கு, குறையை எழுதித் தரச் சொல்லும் தாள் அது. ஆனால் அந்தத் தாளின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது நிரப்பப்படாமல் போனால் செலவு யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் பிள்ளையின் தலையில்தான். வாரத்தில் நான்கு நாள் உணவகத்திலோ கடையிலோ நின்றுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி வழியும் மாணவர்களை நான் படித்த காலத்திலும் பார்த்திருக்கிறேன். இப்போதும் பார்க்கிறேன். தேர்ச்சி குறைகிறது. பிடித்த துறையை விட்டுவிட்டு, சீக்கிரம் முடியும் துறை எது என்று பார்க்கிறார்கள். சிலர் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறார்கள். அந்த ஓராண்டு எப்போதும் ஓராண்டாக இருப்பதில்லை.

உதவி நிதி யாரோ போடும் பிச்சை அல்ல. ஜிஎஸ்டி கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், நம் பிள்ளைகள் தேசிய சேவை ஆற்றுகிறார்கள். நாடு தன் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணம் அது. அதைக் கேட்பதற்குத் தலைகுனிய வேண்டியதில்லை.

சம்பளச் சீட்டில் இன்னொரு வரி

அதே சம்பளச் சீட்டில் இன்னொரு வரியையும் கவனித்திருப்பீர்கள்: சிண்டா. 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, வேலை பார்க்கும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சம்பளத்துக்கு ஏற்ப பிடிக்கப்படுகிறது. இத்தனை ஆண்டுகளாக உங்கள் அப்பாவும் அம்மாவும் போட்டுவந்த அந்தச் சிறு தொகைகள்தான் வேறொரு வீட்டுப் பிள்ளையின் துணைப்பாட வகுப்பாகவும் உதவி நிதியாகவும் மாறுகின்றன. இப்போது உங்கள் வீட்டுக்குத் தேவை என்றால் கதவைத் தட்டுவதில் என்ன தயக்கம்?

சிண்டாவைத் தவிர சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதி, இந்து அறக்கட்டளை வாரியம், சமூக அமைப்புகள், சில கோயில்கள் எனப் பல இடங்களில் கல்வி உதவி இருக்கிறது. தொகை சில நூறு வெள்ளியாக இருக்கலாம். கட்டணத்தை அது முழுமையாக அடைக்காது. ஆனால் மடிக்கணினிக்கோ பயணச் செலவுக்கோ நிச்சயம் கைகொடுக்கும். படிப்பு என்றால் கட்டணம் மட்டுமா? ஈசூனிலிருந்து கெண்ட் ரிட்ஜுக்குத் தினமும் போய் வர வேண்டும். மதியம் சாப்பிட வேண்டும். குழுவாகச் செய்யும் திட்டப்பணிக்குப் பொருள் வாங்க வேண்டும். உதவி நிதிக் கணக்கு போடும்போது இந்தச் செலவுகளையும் எழுதிப் பாருங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் உதவி பெறலாமா என்பது ஒவ்வொரு நிதிக்கும் மாறுபடும். விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிட்டு, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

கடன் கடைசிப் படி

நம் பெற்றோர் பலர் முதலில் கை வைப்பது மத்திய சேம நிதியில்தான். "என் மசேநி-ல இருக்கு, எடுத்துக்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாசம். ஆனால் வரிசை தவறு.

திருப்பித் தர வேண்டாத பணம் முதலில் வர வேண்டும். உதவி நிதிக்கு விண்ணப்பித்து, அது போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்து, பிள்ளையின் பெயரிலேயே இருக்கக்கூடிய பணம். எடுசேவ் கணக்கில் மீந்தது, சிறுவயதில் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் பெற்றோர் போட்டதில் மீந்தது எல்லாம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறியிருக்கும். அரசாங்கம் அவ்வப்போது அதில் பணம் நிரப்பியும் இருக்கிறது. கல்விக் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு தொலைபேசி அழைப்பில் மீதத்தைத் தெரிந்துகொள்ளலாம். உடன்பிறந்தவரின் கட்டணத்துக்கும் அதைப் பயன்படுத்த முடியும்.

அதற்குப் பிறகுதான் கடன். இதில் முக்கியமான வழிகள் இரண்டு.

ஒன்று, கல்விக் கட்டணக் கடன். மானியம் போன கட்டணத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் 90 விழுக்காடு வரையும், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் 75 விழுக்காடு வரையும் பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்தபின் வட்டி தொடங்கும். பிணையாளர் ஒருவர் தேவை.

இன்னொன்று, மசேநி கல்விக் கடன். பெற்றோரின் சாதாரணக் கணக்குச் சேமிப்பில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். கையெழுத்துப் போடுவது எளிது. வங்கிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பணத்தை எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். படிப்பு முடிந்து ஓராண்டில் பிள்ளை அதை வட்டியோடு பெற்றோரின் கணக்கில் திருப்பிப் போடத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டுகள். அப்பாவின் பணம்தானே என்று நினைத்துவிட முடியாது. அது அப்பாவின் ஓய்வுக்காலச் சாப்பாடு.

இரண்டில் எது நல்லது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறுபடும். பெற்றோருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், வீட்டுத் தவணைக்கும் அதே கணக்கிலிருந்துதான் பணம் போகிறது என்றால், ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

தனியார் கல்வி நிலையத்தில் சேர்வதற்கு முன்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே சொன்ன கல்விக் கட்டண மானியமும் கல்வி அமைச்சின் உதவி நிதியும் அரசாங்க ஆதரவு பெற்ற கல்விக்கழகங்களில் படிப்பவர்களுக்கானவை. தனியார் கல்வி நிலையங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் பட்டப் படிப்புகளுக்கு அவை கிடைக்காது. மசேநி கல்விக் கடனும் அங்கே பொருந்தாது.

பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் பலர் உடனே தனியார் நிலையத்துக்குப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கட்டணத்தை ஒப்பிடும்போது ஒரு பக்கம் முழுக் கட்டணம், மறுபக்கம் மானியமும் உதவி நிதியும் போன கட்டணம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓராண்டு வேலை அனுபவத்தோடு மறுபடியும் விண்ணப்பிப்பது, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பார்ப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றனவா என முதலில் தேடுங்கள். 2020இல் இந்த இரண்டு இடங்களிலும் பொதுவான பட்டப் படிப்புக் கட்டணம் சுமார் 8,000 வெள்ளியிலிருந்து 7,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

படிவத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பல விண்ணப்பங்கள் வருமானத்தால் தடைபடுவதில்லை. ஆவணங்களால் தடைபடுகின்றன. இவற்றை முன்கூட்டியே தயார்செய்யுங்கள்:

• வீட்டில் உள்ள அனைவரும் சிங்பாஸ் வைத்திருக்கிறார்களா, கடவுச்சொல் நினைவிருக்கிறதா? வருமான விவரங்களைப் பார்க்க ஒவ்வொருவரின் ஒப்புதலும் தேவைப்படலாம். கடைசி நாள் இரவில் தாத்தாவின் கடவுச்சொல்லைத் தேடாதீர்கள்.

• சொந்தத் தொழில், டாக்சி, விநியோக வேலை செய்பவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வருமான வரி மதிப்பீட்டுக் கடிதத்தையோ வருமான விவரங்களையோ எடுத்து வையுங்கள்.

• வேலை போய்விட்டதா? பழைய வருமானத்தை வைத்துக் கணக்கிட விட்டுவிடாதீர்கள். பணிநீக்கக் கடிதத்தைக் காட்டி, இப்போதைய நிலையை எழுதுங்கள். ஆண்டின் நடுவில் நிலைமை மாறினாலும் நிதி உதவிப் பிரிவை அணுகலாம்.

• தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகும் தம்பிகளே, இடம் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கும். அதற்குள் அப்பா ஓய்வு பெற்றிருக்கலாம், அக்கா திருமணமாகித் தனிவீடு போயிருக்கலாம். அன்றைக்குத் தகுதி இல்லை என்றால் இன்றைக்கும் இல்லை என்று பொருளல்ல.

• ஒருமுறை கிடைத்துவிட்டால் பட்டம் வாங்கும்வரை தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பக் காலம் எப்போது என்று பார்த்து, கல்விக்கழகம் கேட்கும்போது புதுப்பியுங்கள்.

குடும்பம் பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் படிவம் இன்னும் கடினம். அப்பா வேறு இடத்தில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை, அவரிடம் போய்ச் சம்பளச் சீட்டு கேட்பது எப்படி? இந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நிதி உதவிப் பிரிவில் நிலைமையை நேராகச் சொல்லுங்கள். குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் ஒருவரின் கடிதம் பெரிதும் உதவும். படிவத்தில் உள்ள கட்டங்களில் அடங்காத குடும்பங்களை அவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

கோட்டுக்குச் சற்று மேலே

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட முடியாது. எந்த வரம்பை வைத்தாலும் அதற்குச் சில வெள்ளி மேலே நிற்கும் குடும்பங்கள் இருக்கும். தனிநபர் வருமானம் இருபது வெள்ளி கூடுதலாக இருப்பதால் அடுத்த படிக்குத் தள்ளப்படுவார்கள். அவர்களுடைய வாழ்க்கை இருபது வெள்ளி அளவுக்குத்தான் வேறுபடும், உதவித் தொகையோ அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும். மிகைநேர வேலை பார்த்த ஒரே காரணத்தால் வரம்பைத் தாண்டிவிட்டதாகப் புலம்பும் அப்பாக்களின் குரலை நான் கேட்டிருக்கிறேன். நாள்பட்ட நோயாளி இருக்கும் வீட்டுக்கும் எல்லாரும் நலமாக இருக்கும் வீட்டுக்கும் வகுத்தல் கணக்கு ஒன்றுதான். கணக்கு மருந்துச் செலவைக் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மருத்துவச் செலவுக்கான ரசீதுகளை இணைத்து, தமிழில் மனத்தில் உள்ளதை முதலில் எழுதி, பிறகு பிள்ளையை ஆங்கிலத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். எங்கள் குடும்ப நிலை மோசம் என்று பொதுவாக எழுதினால் போதாது. மாதம் எவ்வளவு வருகிறது, எதற்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணோடு எழுதுங்கள். எண்கள் பேசும்.

நிரந்தரவாசிகளுக்கு இந்த உதவி நிதி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் நிரந்தரவாசியாக இருந்தாலும், விண்ணப்பிக்கும் பிள்ளை குடிமகனா என்பதுதான் கேள்வி. பிள்ளை குடிமகனாக இருந்தும், எங்களுக்குப் பொருந்தாது என்று தவறாக நினைத்து விட்டுவிடும் வீடுகள் உண்டு.

இந்த வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உயர்நிலை நான்கிலோ தொடக்கக்கல்லூரியிலோ பிள்ளை இருந்தால் போதும், இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து, வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பாட்டி முதல் கடைக்குட்டி வரை. எதிரே அவரவர் மொத்த வருமானம். கூட்டி, வகுத்து, வரும் எண்ணைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். உன் படிப்புக்கு இவ்வளவு செலவாகும், இவ்வளவு உதவி கிடைக்கும், மிச்சத்தை இப்படிச் சமாளிப்போம் என்று சேர்ந்து பேசுங்கள்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த எண் பயத்தைத் தராது. தன்னை நம்பி வீட்டுக் கணக்கையே காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணத்தைத் தரும். எந்தத் துறையில் சேரலாம் என்று யோசிக்கும்போது, கட்டணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு விருப்பத்தைப் பற்றிப் பேச அந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்.